உலகம் முடிய இருந்த கார்த்திகையில் காஞ்சிபுரம்

பினாங்கிலிருந்து நான் கல்யாணத்துக்குத்தான் புறப்பட்டேன். என் தங்கை எஸ்தரின் ஒரே மகள் செலினுக்குத் தை மாதம் கல்யாணம். தாய்மாமன் முன்னதாகவே வந்து கூடமாட ஒத்தாசையாக இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தாள். டின் டின்னாக பிஸ்கட்டும், மாப்பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரமும் வாங்கிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு காஞ்சிபுரத்தில் வந்து இறங்கினால், கல்யாணம் இல்லை என்றார்கள். ஏன் என்று கேட்டேன். உலகம் முடியப்போகிறதாம்.

வீடு வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பினாங்குத் துறைமுகத்தில் சுங்கச் சோதனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெட்டிக்கு அடியில் இன்னொரு அடி இருக்கும் என்று நினைப்பதுதான் என் பிழைப்பு. வேலை போன பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிக்கார பாய் சிரித்த முகத்தோடு என் பெட்டியைத் தூக்கியபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நேரே மிஷன் பள்ளிக்கூடத்துக்கு விடு என்றால் வண்டி ஒரு பட்டுக்கடை வாசலில் போய் நின்றது.

“குதிரைக்குப் பழக்கம் சார். வெளியூர் ஆளு ஏறினா இங்க வந்து தானா நின்னுடும்,” என்றார் பாய்.

கடையிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்தார்கள். அவர்களிடமிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பினால், அடுத்த தெருமுனையில் கடையாணி கழன்று சக்கரம் தனியாக ஓடியது. நானும் பிஸ்கட் டின்களும் மழைச் சேற்றில் விழுந்தோம். பாய் “யா அல்லா!” என்று அலறிக்கொண்டு சக்கரத்தின் பின்னால் ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகு, இது மட்டும் அவருடைய ஏற்பாடு இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

தங்கை வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது. அவள் கணவன் இன்பராஜ் அங்கே கணக்கு வாத்தியார். சேற்றோடு உள்ளே நுழைந்த என்னைப் பார்த்து எஸ்தர் சிரிக்கக்கூட இல்லை. முந்தானையால் என் சட்டையைத் துடைத்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

“வந்ததும் வராததுமா உன்னாண்ட இன்னா சொல்றதுண்ணா! அவரு ஒரு கூட்டத்துக்குப் போய்க்கினு இருக்காரு. இந்த வருசம் முடியறதுக்குள்ள ஆண்டவர் வந்துடுவாராம். கல்யாணம் வேணாங்கறாரு.”

இன்பராஜ் எங்கள் பேச்சைக் கேட்டபடி வாசற்படியில் நின்றான். அவர்கள் கல்யாணத்தன்று நான் பார்த்த கட்டுமஸ்தான ஆள் இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“மச்சான், இது பொண்ணு குடுக்கற காலமில்ல,” என்றான் மெதுவாக. “ஜலப்பிரளயம் வந்த அன்னிக்குக்கூட ஜனங்க கல்யாணப் பேச்சுதான் பேசிக்கினு இருந்தாங்க. எருசலேம்ல சண்டை நடந்துதே, ரேடியோல கேக்கலையா? அரிசிப் பஞ்சம் வந்துது. ஒண்ணொண்ணா வருது.”

எங்களுடையதும் கிறிஸ்தவக் குடும்பம்தான். ஆண்டவர் திரும்பி வருவார், உயிரோடிருப்பவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் நியாயம் தீர்ப்பார் என்று நானும் பினாங்கில் ஞாயிறுதோறும் எல்லாரோடும் சேர்ந்து சொல்கிறவன்தான். ஆனால் சொல்லிவிட்டு வெளியே வந்து மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசிப்பேன். அதை நம்பிக் கல்யாணத்தை நிறுத்தும் ஆளை என் குடும்பத்திலேயே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

விஷயம் சிக்கலாகத்தான் இருந்தது. எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிக்கவேண்டும். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை தெரிந்தவர் இப்போதே சொல்லலாம் என்று போதகர் சபையாரைக் கேட்பார். வாலாஜாபாத்தில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசிக்காவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள்.

 இரவுச் சாப்பாடு பரிமாறும்போது செலின் என் காதோடு சொன்னாள். “அப்பாவை அழவச்சுட்டு எனக்குக் கல்யாணம் வேணாம் மாமா. ஆனா அவங்க வேற எடம் பாத்துட்டா, நான் யாரையும் கட்டிக்க மாட்டேன்.”

மறுநாள் காலை ஊரைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உண்மையில் அந்தக் கூட்டத்தை நடத்துகிறவரைப் பற்றி விசாரிக்கத்தான் போனேன். ஓட்டலில் காஞ்சிபுரம் இட்லி கேட்டேன். இலையில் வந்த துண்டத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. எறும்பா என்று விரலால் தள்ளிப் பார்த்தேன்.

“மொளகு சார். எடுத்துப் போட்டுடாதீங்க, அதான் ருசியே,” என்றான் பரிமாறுகிறவன்.

சுக்கும் சீரகமும் நெய்யுமாக, எங்கள் ஊர் இட்லியைவிடக் கனமாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்று கேட்டால் இல்லை என்றான். அரிசி இல்லையாம், இனிமேல் பூரிதானாம். அடுத்த மேஜைக்காரர் தன் நண்பரிடம், “கப்பல்ல வந்துக்கினு இருக்குதாம்பா அரிசி. வரட்டும், பாக்கலாம்,” என்றார். இந்த ஊரில் எல்லாரும் எதையோ எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. பினாங்கில் அரிசிக்கு இந்தப் பாடு இல்லை. ஆனால் அங்கே காபியில் டின் பாலை ஊற்றிக் கெடுத்துவிடுவார்கள். இங்கே பித்தளை டம்ளரில் வந்த காபியைக் குடித்த பிறகு ஊர் மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

கூட்டக்காரரின் பெயர் சகோதரர் மாசிலாமணி என்று தெரிந்தது. எந்த ஊர், என்ன தொழில் செய்தவர் என்று யாரைக் கேட்டாலும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் வேலூர்ப் பக்கம் என்றார். இன்னொருவர் ஆந்திரா என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஊர் பெயரைச் சரியாகச் சொல்லாத பயணியை நான் சும்மா விட்டதே இல்லை.

புதன்கிழமை மாலை இன்பராஜோடு கூட்டத்துக்குப் போனேன். நெல் மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய கிடங்கு அது. சுவரில் பெரிய துணிப் படம் ஒன்று தொங்கியது. தலை பொன்னாக, பாதம் களிமண்ணாக, வேதாகமம் கடைசிக் காலத்துக்கு அடையாளமாகச் சொல்லும் ஒரு சிலை. பக்கத்தில் கொம்பு முளைத்த மிருகங்கள் வரிசையாக நின்றன. அதன் கீழே ஒல்லியாக ஒரு மனிதர் கையில் மூங்கில் குச்சியோடு நின்றார், அவர்தான் மாசிலாமணி. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் வெள்ளைப் பருத்தியில் இருந்தார்கள். பெண்களின் காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை. சரிகைத் துணி உடுத்தி ஆண்டவரைச் சந்திக்க முடியாது என்று அவர் போதித்திருந்தாராம்.

அவர் கத்தவில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கத்துகிறவர்களை எனக்குத் தெரியும். இவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

“நாளைக்குன்னு எதையாவது எடுத்து வச்சிருக்கீங்களா? யோசிச்சுப் பாருங்க. எடுத்து வச்சிருந்தா, நீங்க அவரை எதிர்பார்க்கலைன்னு அர்த்தம். எதிர்பார்க்காதவங்களை அவர் எப்படிங்க கூட்டிக்கினு போவாரு?”

முன்வரிசையில் ஒருவர் எழுந்து, தென்னேரிக்குப் பக்கத்தில் தன் நிலத்தில் இந்த வருடம் நாற்று விடவில்லை என்றார். இன்னொருவர் வீட்டுக் கூரைக்கு வாங்கிய புது ஓடுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இன்பராஜ் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்து முகத்தை மூடிக்கொண்டு, விரல் இடுக்கில் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்க எனக்குப் பரிதாபமாகவும் இருந்தது, அவனை அப்படி ஆக்கிவைத்த மனிதர் மேல் ஆத்திரமாகவும் இருந்தது.

காணிக்கைத் தட்டு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தட்டு எடுக்காத கூட்டத்தை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. சில்லறையைத் தொடாதவன் பெரிதாக எதற்கோ காத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

வியாழக்கிழமை நேரே அவர் அறைக்கே போய்விட்டேன். கோரைப் பாய், மண் கூஜா, ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லலாமா என்று பழைய புத்தி நச்சரித்தது. கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டேன்.

“உலகம் முடியணும்னு உங்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கூஜாவிலிருந்து எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

“எனக்கு ஒரே பையன் சார். சைக்கிள்ல வந்துக்கினு இருந்தான், லாரி அடிச்சுடுச்சு. பாத்தவங்க நாலு பேரு இருந்தாங்க. கோர்ட்ல நாலு பேரும் பாக்கலைன்னுட்டாங்க. கேசு தள்ளுபடி ஆயிடுச்சு. லாரிக்காரர் எனக்கு எதிர்லயே வெத்தலை போட்டுக்கினு வெளிய போனாரு.” கூஜாவை மூடி வைத்தார். “நியாயத்தீர்ப்புன்னா உங்களுக்கெல்லாம் பயமா இருக்குது. எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல். மேல ஒரு கோர்ட் இருக்குது, அங்க சாட்சி மாற மாட்டான்னு நம்பாம நான் எப்படி மூச்சு விடறது?”

“சரி, நம்புங்க. தேதி எதுக்குச் சொல்றீங்க? அந்த நாள் யாருக்கும் தெரியாதுன்னுதானே வேதத்துல சொல்லியிருக்கு?”

“தேதி இல்லாம காத்துக்கினு இருக்க முடியலைங்க,” என்றார்.

இதற்கு நான் தயாராக வரவில்லை. திருடனைப் பிடிக்கப் போனவன் துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பியதுபோல் ஆயிற்று. ஆனாலும் வழியெல்லாம் யோசித்தேன். அவருடைய ஆறுதல் என் மருமகளின் வாழ்க்கையை அல்லவா தின்கிறது? மகனைப் பறிகொடுத்தவர் என்பதற்காக அவர் சொல்லும் தேதி சரியாகிவிடுமா?

வெள்ளிக்கிழமை எஸ்தர் இன்னொன்று சொன்னாள். இன்பராஜ் ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் எங்கோ போய்விட்டு வருகிறான், கேட்டால் வாயைத் திறப்பதில்லை. வீட்டை யாருக்காவது எழுதிவைக்கிறானோ என்று எனக்குப் பகீரென்றது. அன்று மாலை மழையில் அவன் கிளம்பியதும் நானும் குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். குடை ஒரு திருப்பத்தில் காற்றில் மடங்கிக் கம்பி தெறித்தது. பிறகு நனைந்துகொண்டே நடந்தேன்.

அவன் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக்காரர் தெருவுக்குள் திரும்பினான். வீட்டுக்கு வீடு தறி அடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு ஜன்னலுக்கு வெளியே போய் நின்றான். உள்ளே போகவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தான். பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். நான் எதிர்வீட்டுக் கதவோரம் ஒதுங்கி நின்றேன்.

அவன் போனதும் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். ஏகாம்பரம் என்பது நெசவாளியின் பெயர். குழித்தறியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தறியில் வெள்ளைப் பட்டு ஏறியிருந்தது. ஆக, கூட்டக்காரர் ஆண்டவரைச் சந்திக்க எல்லாருக்கும் வெள்ளை உடுப்பு நெய்யச் சொல்லி இங்கே கமிஷன் அடிக்கிறார் என்று கண நேரத்தில் கணக்குப் போட்டுவிட்டேன்.

“மாசிலாமணி எவ்வளவு சொல்லியிருக்கார்?” என்று அதட்டினேன்.

“அது யாரு சார்? எனக்குத் தெரியாது. இது கணக்கு வாத்தியார் சொன்ன பொடவை. அவரு பொண்ணுக்கு மொகூர்த்தப் பொடவை.”

கிட்டப்போய்ப் பார்த்தேன். ஓரம் முழுக்க சரிகை. அந்தக் கூட்டத்துக்கு ஆகாத சரிகை.

“முழு வெள்ளையா எங்க தறியில கல்யாணப் பொடவை ஏத்த மாட்டோம் சார். எங்க வூட்டு வழக்கம். ஓரத்துல மஞ்சள்ல நனைச்ச இழை ஒண்ணு உடணும்னேன். உங்க கோயிலுக்கு ஆகுமோ ஆகாதோன்னு கேட்டேன். ‘உடுப்பா, நல்லா இருக்கட்டும்’னாரு. மழை ஈரத்துல தறியில பூட்டின பாவு நூலு தொய்ஞ்சுபோய் வேலை நின்னுக்கினு இருக்குது, அவருக்கு அதான் கவலை. ரெண்டு நாளைக்கு ஒரு தரம் வந்து ஜன்னலாண்ட நிக்கறாரு. தை பொறக்கறதுக்குள்ள நெய்ஞ்சு தறியிலேர்ந்து அறுத்துக் குடுத்துடுன்னாரு.”

தை! உலகம் அதற்குள் முடிந்துவிடும் என்று வீட்டையே அழவைக்கிறவன், தைக்குப் புடவை சொல்லியிருக்கிறான். பெட்டியின் இரண்டாவது அடியைக் கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நனைந்த கோழியாக வீட்டுக்கு ஓடினேன்.

சனிக்கிழமை காலை, இன்பராஜ் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு எஸ்தரிடம் சொன்னேன். அவள் உரலில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். “வேஷம் போடுறான் உன் புருஷன்,” என்றேன். அவள் குழவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மாவுக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது துக்க அழுகை இல்லை என்று எனக்குக்கூடத் தெரிந்தது.

“வேசம் இல்லண்ணா. பயம். தை வரணும்னு அவருக்கும் ஆசை இருக்குது, அந்த ஆசை தப்புன்னு பயப்படறாரு. இது தெரியாம நான் அவரைத் திட்டிக்கினு இருந்தேனே!”

கையைக் கழுவினாள். செலினைக் கூப்பிட்டு முகம் கழுவச் சொன்னாள். இரண்டு பேருமாக நேரே அய்யர் வீட்டுக்குப் போய், நாளைக்கு ஓலை வாசிக்கச் சொல்லிவிட்டு வந்தார்கள். சபைப் போதகரை இங்கே கிறிஸ்தவர்கள் அய்யர் என்றுதான் அழைக்கிறார்கள். வாலாஜாபாத்துக்கும் பஸ்ஸில் ஆள் போயிற்று. அன்றிரவு இன்பராஜுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.  எல்லார் முன்னிலும் அவன் எழுந்து தடை சொல்லிவிட்டால் செலினின் கதி என்ன? துப்புத் துலக்கியவன் நான்தானே.

ஞாயிறு காலை இன்பராஜ் வழக்கம்போல் கிடங்குக் கூட்டத்துக்குப் போனான். நாங்கள் கோயிலுக்குப் போனோம். கிறிஸ்துமஸுக்கு முன்வரும் ஞாயிறுகளில் முதலாவது அது. ஆண்டவருடைய வருகையைப் பற்றியே அன்று எல்லாக் கோயில்களிலும் பிரசங்கம் இருக்கும். அய்யரும் அதைத்தான் பேசினார். அந்த நாளை மறைத்துவைத்தது மிரட்டுவதற்காக அல்ல, அன்றன்றைய வேலையை நாம் நிம்மதியாகச் செய்வதற்காக என்றார். மாப்பிள்ளை வீட்டார் ஆண்கள் பக்கம் முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

பிரசங்கம் முடிந்து ஓலையை எடுத்தார். “இன்பராஜ், எஸ்தர் இவர்களின் குமாரத்தி செலினுக்கும்…” என்று தொடங்கும்போது பின்வாசலில் நிழல் தட்டியது. திரும்பினேன். இன்பராஜ் சொட்டச் சொட்ட நனைந்து நின்றான். கிடங்கிலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறான். யார் சொன்னார்கள், தானாக வந்தானா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அய்யர் கேட்டார். கேட்டுவிட்டு அவனையே பார்த்தார். கோயிலே அவனைப் பார்த்தது. முப்பது வருடம் முகங்களைப் படித்தவன் நான், அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. அவன் தள்ளாடி நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மத்த அறிக்கைகளைப் படிச்சுட்டு மறுபடியும் கேக்கறேன்,” என்றார் அய்யர். கூரை ஒழுகுவதைப் பற்றியும் மாதர் சங்கத்தைப் பற்றியும் நிதானமாகப் படிக்கலானார்.

“எஸ்தர்தானே ஓலை வாசிக்கச் சொன்னா?” இன்பராஜ் கிசுகிசுத்தான்.

“ஆமா. புடவை தறியில இருக்குன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன்.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். “எனக்கு விசுவாசம் பத்தலை மச்சான். அதான் பொடவை சொன்னேன். அவர் வந்து கேட்டா இன்னா பதில் சொல்வேன்?”

“பொண்ணுக்குப் புடவை எடுத்தேன்னு சொல்லு. அதுக்குக் கோவிச்சுக்கிற ஆண்டவரையா நாம இத்தனை வருஷமா கும்பிடுறோம்?”

 முன்னால் பெண்கள் பக்கத்தில் செலின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இன்பராஜ் அவளையே பார்த்தான்.

“இன்னும் ரெண்டு ஓலை இருக்குது. நடுவுல அவர் வந்துட்டா?”

“வந்தா மீதி ஓலையை அவரே வாசிக்கட்டும்!” என்றேன் எரிச்சலாக.

இன்பராஜ் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. கண்ணீரும் சிரிப்புமாகக் குலுங்கினான். மாதர் சங்கம் பாதியில் நின்றது. அய்யர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்பராஜ், ஏதாவது சொல்லணுமா?”

 அவன் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஈர வேட்டியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

“தடை ஒண்ணும் இல்லீங்க அய்யரே,” என்றான். “அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாசிங்க.”